விட்டு விட்டு ஒலிக்கும் படகு இன்ஜின் அலாரம்: சத்தம் நின்றால் ஆபத்தும் நின்றதா? கோளாறை கண்டுபிடிப்பது எப்படி?

கரையிலிருந்து சில கடல் மைல் தூரம். படகு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென டேஷ்போர்டில் இருந்து 'பீப்... பீப்' என ஒரு சத்தம். டிரைவர் மீட்டரைப் பார்க்கிறார், எல்லாம் சரியாக இருக்கிறது. இன்ஜின் சத்தத்திலும் மாற்றம் இல்லை. மூன்று நொடியில் அலாரம் தானாகவே நின்றுவிடுகிறது.

"சென்சார் கோளாறா இருக்கும்ணே, விடுங்க" என்கிறார் பக்கத்தில் நிற்பவர். படகு தொடர்ந்து போகிறது.

மோட்டார் படகு வைத்திருக்கும் பலருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. விடாமல் ஒலிக்கும் அலாரம் என்றால் யாரும் அலட்சியம் செய்ய மாட்டார்கள். வந்து வந்து போகும் அலாரம்தான் பிரச்னை. கரைக்கு வந்து மெக்கானிக்கிடம் காட்டினால் ஒலிக்காது. மறுநாள் கடலுக்குப் போனால் மறுபடியும் ஒலிக்கும். இது உண்மையான எச்சரிக்கையா, பொய் அலாரமா? எப்படி கண்டுபிடிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

18 முறை ஒலித்தது, 18 முறையும் நின்றது

விட்டு விட்டு ஒலிக்கும் அலாரத்தை ஏன் சாதாரணமாக நினைக்கக் கூடாது என்பதற்கு நார்வே கடலில் நடந்த சம்பவம் ஒன்று போதும்.

2019 மார்ச் 23. 'வைக்கிங் ஸ்கை' என்ற சொகுசுக் கப்பல், 1,300-க்கும் மேற்பட்டோருடன் புயல் வீசிய ஹஸ்டட்விகா கடற்பகுதியைக் கடந்துகொண்டிருந்தது. பிற்பகல் 2 மணிக்கு சற்று முன்பு, ஓடிக்கொண்டிருந்த இன்ஜின்கள் அடுத்தடுத்து நின்றன. கப்பல் முழுவதும் மின்சாரம் போனது. பாறைகள் நிறைந்த கரையை நோக்கி கப்பல் அடித்துச் செல்லப்பட்டது. 479 பேர் ஹெலிகாப்டர் மூலம் ஒவ்வொருவராகத் தூக்கி மீட்கப்பட்டனர். கரையில் மோதுவதற்கு மிக அருகில் வந்தபோது, இன்ஜின்களை மீண்டும் இயக்க முடிந்ததால் பெரும் உயிரிழப்பு தவிர்க்கப்பட்டது.

காரணம் என்ன? இன்ஜினில் ஆயில் குறைவாக இருந்தது. ஆயில் டேங்க் சுமார் 70 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. ஆனால், அதில் பாதி அளவுக்குத்தான் ஆயில் இருந்தது. அமைதியான கடலில் அது போதுமானதாக இருந்தது. கப்பல் பலமாக ஆட ஆரம்பித்ததும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கியது. பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சியது. ஆயில் பிரஷர் விழுந்தது, இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள தானாகவே நின்றது.

நார்வே விசாரணை அதிகாரிகள் சொன்ன இன்னொரு தகவல்தான் இங்கே முக்கியம். அன்று அதிகாலை 5 மணியிலிருந்து காலை 9 மணிக்குள் ஆயில் குறைவு தொடர்பாக 18 அலாரங்கள் பதிவாகியிருந்தன. ஒவ்வொன்றும் சில நொடிகளில் சரியாகிவிட்டது. அதனால், ஆயில் உண்மையிலேயே குறைவாக இருக்கிறது என்பதற்கான அறிகுறியாக அது அப்போது புரிந்துகொள்ளப்படவில்லை.

பெரிய கப்பலாக இருந்தாலும் சரி, 20 அடி படகாக இருந்தாலும் சரி, இயற்பியல் ஒன்றுதான். அலாரம் நின்றுவிட்டது என்றால், அந்த நொடியில் அளவு எல்லைக்குள் வந்துவிட்டது என்று மட்டுமே அர்த்தம். பிரச்னை தீர்ந்துவிட்டது என்று அர்த்தமல்ல.

படகு அலாரம் எதற்கெல்லாம் ஒலிக்கும்?

கார் போல படகில் ஒவ்வொரு கோளாறுக்கும் தனித்தனி விளக்கு எல்லா இன்ஜினிலும் இருப்பதில்லை. பல படகுகளில் ஒரே பஸ்ஸர்தான். பல விஷயங்களுக்கும் அதுவேதான் கத்தும். பொதுவாக இவைதான் காரணம்:

- இன்ஜின் சூடு எல்லை மீறுவது
- ஆயில் பிரஷர் குறைவது
- டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் டேங்க் காலியாவது
- ஸ்டெர்ன் டிரைவ் படகுகளில் கியர் ஆயில் குறைவது
- டீசல் அல்லது பெட்ரோலில் தண்ணீர் கலந்திருப்பது
- பேட்டரி சார்ஜ் குறைவது
- இன்ஜின் அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றுவது

இதில் ஒரு குழப்பமும் உண்டு. படகின் அடித்தளத்தில் தண்ணீர் ஏறினால் ஒலிக்கும் அலாரம், கேபின் படகுகளில் கார்பன் மோனாக்சைடு வாயுவைக் கண்டுபிடிக்கும் அலாரம் ஆகியவையும் கிட்டத்தட்ட இதே 'பீப்' சத்தம்தான் போடும். எனவே முதல் கேள்வி: சத்தம் எங்கிருந்து வருகிறது? இன்ஜின் பேனலில் இருந்தா, வேறு இடத்தில் இருந்தா? இதைத் தெரிந்துகொள்ளாமல் இன்ஜினைப் பிரித்து மேய்வது வீண் வேலை.

அடுத்து, சத்தத்தின் தாளம். விடாத சத்தத்துக்கு ஒரு அர்த்தம், நிமிடத்துக்கு சில முறை வரும் பீப்புக்கு வேறு அர்த்தம் என இன்ஜின் தயாரிப்பாளர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். இது கம்பெனிக்கு கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். இன்ஜினோடு வந்த கையேட்டில் இதற்கென ஒரு பட்டியல் இருக்கும். அலாரம் ஒலிக்கும்போது செல்போனில் பத்து நொடி வீடியோ எடுத்து வைத்தால், மெக்கானிக்குக் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

ஏன் விட்டு விட்டு ஒலிக்கிறது?

காரணங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை: கோளாறு எல்லைக்கோட்டில் நிற்பது. இன்ஜின் சூடோ, ஆயில் பிரஷரோ அலாரம் ஒலிக்கும் அளவுக்கு சற்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசலாடும். தாண்டினால் ஒலிக்கும், திரும்பினால் நிற்கும். இது உண்மையான கோளாறின் ஆரம்பம்.

இரண்டாவது வகை: திரவம் ஆடுவது. டேங்கில் ஆயில் குறைவாக இருந்தால் அலை அடிக்கும்போது மிதவை கீழே இறங்கும், அலாரம் ஒலிக்கும். படகு நேராக நின்றால் நிற்கும். எரிபொருள் ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரும் இப்படித்தான். படகு சாயும்போது சென்சாரைத் தொடும், நிமிர்ந்தால் விலகும். 'வைக்கிங் ஸ்கை' கப்பலில் நடந்தது இந்த வகை.

மூன்றாவது வகை: ஒயர் கோளாறு. உப்புக்காற்றில் பச்சை பிடித்த கனெக்டர், அதிர்வில் லூசான எர்த் ஒயர், இன்ஜின் பாடியில் உரசி தோல் உரிந்த ஒயர். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அலாரம் மட்டும் ஒலிக்கும்.

மூன்றுக்கும் சத்தம் ஒன்றுதான். மூன்றாவது வகைதான் என முதலிலேயே முடிவு செய்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

கடலில் அலாரம் ஒலித்தால் உடனே என்ன செய்ய வேண்டும்?

1. முதலில் வேகத்தைக் குறைத்து நியூட்ரலுக்கு வர வேண்டும். பல நவீன அவுட்போர்டு இன்ஜின்கள் சூடோ ஆயில் பிரஷரோ சிக்கலானால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திராட்டிலை எவ்வளவு தள்ளினாலும் வேகம் ஏறாது. அது கோளாறு அல்ல, பாதுகாப்பு ஏற்பாடு.

2. படகு எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் பாறையோ, கப்பல் போகும் பாதையோ, அலை உடையும் இடமோ இருந்தால் இன்ஜினை நிறுத்தியதும் படகு அங்கே இழுத்துச் செல்லப்படலாம். ஆழம் குறைவான இடம் என்றால் நங்கூரம் தயாராக இருக்க வேண்டும்.

3. அவுட்போர்டு என்றால் பின்பக்கம் சிறு துளையிலிருந்து பீய்ச்சும் தண்ணீரைப் பார்க்க வேண்டும். நன்றாக வருகிறதா, குறைந்திருக்கிறதா, நின்றேவிட்டதா? நின்றிருந்தால் இன்ஜினை நிறுத்துவதே நல்லது. துளையில் உப்போ மணலோ அடைத்திருந்தாலும் தண்ணீர் வராது. மெல்லிய நைலான் கம்பியால் குத்திப் பார்க்கலாம்.

4. ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் தாமதிக்கவே கூடாது. பாதுகாப்பான நிலை என்றால் உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். ஆயில் இல்லாமல் சுற்றும் பேரிங் வீணாகிப்போக அதிக நேரம் தேவையில்லை.

5. இன்ஜின் ஆறியதும் டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும்.

6. பெட்ரோல் இன்போர்டு இன்ஜின் என்றால், மறுபடி ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்ஜின் அறையின் புளோயரை குறைந்தது 4 நிமிடம் ஓடவிட வேண்டும். தேங்கிய பெட்ரோல் ஆவி ஒரு பொறியில் வெடித்துவிடும். பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

இன்ஜின் மறுபடி இயங்காமல் போனால், இந்தியக் கடற்பகுதியில் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, கடலோரக் காவல் போலீசாரின் எண் 1093. கரையிலிருந்து தள்ளிப் போனால் செல்போன் சிக்னல் கிடைக்காது என்பதால், வி.எச்.எஃப். ரேடியோவில் 16-வது சேனல்தான் உலகம் முழுவதும் அவசர அழைப்புக்கானது.

"எப்போ ஒலிக்குது?" - பாதி விடை இதில்தான்

விட்டு விட்டு வரும் கோளாறைக் கண்டுபிடிக்க ஸ்பேனரை விட நோட்டுப்புத்தகம்தான் முதலில் தேவை. ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் ஐந்து விஷயங்களைக் குறித்து வைக்க வேண்டும்: இன்ஜின் எவ்வளவு நேரமாக ஓடுகிறது, என்ன வேகம், நேராகப் போகிறதா திரும்புகிறதா, கடல் எப்படி இருக்கிறது, மீட்டர் என்ன காட்டுகிறது. நான்கைந்து பதிவுகள் சேர்ந்ததும் ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும்.

வேகமாகப் போனால் ஒலிக்கிறது, குறைத்தால் நிற்கிறது: பெரும்பாலும் குளிர்விக்கும் தண்ணீர் போதவில்லை. தண்ணீர் உறிஞ்சும் துவாரத்தில் பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டிருக்கலாம். வேகத்தில் உறிஞ்சும்போது ஒட்டும், வேகம் குறைந்ததும் விழுந்துவிடும். நின்று பார்த்தால் எதுவும் இருக்காது! இன்போர்டு இன்ஜினில், பழைய ரப்பர் ஹோஸின் உள்பக்கம் உரிந்து வேகத்தில் மட்டும் சுருங்கி அடைத்துக்கொள்வதும் உண்டு.

நீண்ட தூரம் ஓடி, ஐடிலுக்கு வந்ததும் ஒலிக்கிறது, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் நிற்கிறது: ஆயில் பிரஷர் மீது சந்தேகம். சூடான ஆயில் நீர்த்துவிடும், ஐடிலில் பம்ப் மெதுவாகச் சுற்றும். இரண்டும் சேர்ந்து பிரஷர் எல்லைக்குக் கீழே போகும். தவறான கிரேடு ஆயில், ஆயிலில் பெட்ரோல் கலப்பது, ஐடில் வேகம் குறைவாக செட் செய்திருப்பது, தேய்ந்த பேரிங் ஆகியவை காரணமாக இருக்கலாம். தண்ணீர் பம்ப் தேய்ந்திருந்தாலும் ஐடிலில் சூடு ஏறும். அதனால் இரண்டையும் பார்க்க வேண்டும்.

திரும்பும்போதோ, அலையில் ஆடும்போதோ மட்டும் ஒலிக்கிறது: ஏதோ ஒரு திரவம் குறைவாக இருக்கிறது அல்லது ஃபில்டரில் தண்ணீர் இருக்கிறது. அவுட்போர்டில் இன்னொரு காரணமும் உண்டு. இன்ஜின் திரும்பும்போது ஒயர் கட்டும் சேர்ந்து வளையும். உள்ளே ஒரு ஒயர் பாதி அறுந்திருந்தால், ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் அலாரம் வரும்.

அலையில் குதிக்கும்போது இன்ஜின் வீரிட்டு, உடனே ஒலிக்கிறது: புரொப்பல்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்து அளவுக்கு மீறிச் சுற்றியிருக்கலாம். வேகத்தைக் குறைத்தாலே சரியாகும்.

விளக்கு, ட்ரிம் சுவிட்ச் போட்டதும் ஒலிக்கிறது: பேட்டரி அல்லது சார்ஜிங் பிரச்னை.

எந்த வடிவமும் இல்லை, சூடு, வேகம், அலை எதோடும் ஒத்துப்போகவில்லை: இப்போதுதான் ஒயர், கனெக்டர், சென்சார் பக்கம் சந்தேகம் திரும்ப வேண்டும்.

கரையில் செய்ய வேண்டிய சோதனை: எது முதலில், எது கடைசி?

அலாரம் அடித்தால் பலரும் முதலில் செய்வது சென்சாரை மாற்றுவது. மாற்றிய பிறகும் ஒலிக்கும். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

1. அலாரம் சொல்வது உண்மையா?

டேஷ்போர்டு மீட்டர் சரியாகக் காட்டுகிறது என்பதால் அலாரம் பொய் என்று சொல்லிவிட முடியாது. பல இன்ஜின்களில் மீட்டருக்கு ஒரு சென்சார், அலாரத்துக்கு வேறொரு சுவிட்ச். இரண்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க மூன்றாவது சாட்சி வேண்டும்.

ஆயில் பிரஷருக்கு, சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மெக்கானிக்கல் பிரஷர் கேஜ் மாட்டி ஓடவிட்டுப் பார்ப்பார்கள். சூட்டுக்கு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை சிலிண்டர் ஹெட், தெர்மோஸ்டாட் பகுதியில் காட்டிப் பார்க்கலாம். கடல்நீரால் நேரடியாகக் குளிரும் பல அவுட்போர்டுகளில் தெர்மோஸ்டாட் சுமார் 50 முதல் 60 டிகிரி செல்சியஸில் திறக்கும். கூலன்ட் ஊற்றும் இன்போர்டு டீசலில் அளவு இதைவிட அதிகம். சரியான எண் கையேட்டில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: அவுட்போர்டை தண்ணீர் இல்லாமல் ஓடவிடக் கூடாது. டிரம்மில் இறக்கியோ, ஹோஸ் மாட்டியோதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் பம்ப்பில் உள்ள ரப்பர் இம்பெல்லர் மிக சீக்கிரமே கருகிவிடும்.

2. தண்ணீர் போகும் பாதை

அளந்து பார்த்ததில் சூடு உண்மைதான் என்றால், தண்ணீர் நுழையும் இடத்திலிருந்து வெளியேறும் இடம் வரை வரிசையாகப் பார்க்க வேண்டும். உறிஞ்சும் துவாரம், வடிகட்டி, ஹோஸ், இம்பெல்லர், தெர்மோஸ்டாட், உப்பு படிந்த உள்பாதை. இம்பெல்லரின் இறக்கைகள் ஒரு பக்கமாக வளைந்தே நின்றுவிட்டாலோ, ஒன்று உடைந்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். உடைந்த துண்டைத் தேடி எடுக்காமல் விட்டால், அது உள்ளே போய் வேறொரு இடத்தில் அடைத்து, சில மாதம் கழித்து அதே அலாரத்தைக் கொடுக்கும்.

3. ஆயில்

அளவு மட்டுமல்ல, நிறமும் வாடையும் முக்கியம். பால் கலந்தது போல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு ஏறியிருந்து பெட்ரோல் வாடை அடித்தால் எரிபொருள் கலந்திருக்கிறது. ஆயில் டேங்க், கியர் ஆயில் பாட்டில் ஆகியவற்றை முழு அளவுக்கு நிரப்பிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்ப்பதே ஒரு சோதனைதான். அலாரம் நின்றுவிட்டால், ஆயில் எங்கே போனது என்பது அடுத்த கேள்வி. ஆயில் காரணமில்லாமல் குறையாது.

4. எரிபொருள் ஃபில்டர்

அடியில் உள்ள கிண்ணத்தைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்து வைத்தால் போதும். சிறிது நேரத்தில் தண்ணீர் கீழே, எரிபொருள் மேலே எனப் பிரிந்துவிடும்.

5. பேட்டரி

மல்டிமீட்டரில் 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியை சுத்தம் செய்து இறுக்கினாலே பல 'மர்ம' அலாரங்கள் காணாமல் போகும்.

6. ஒயரும் கனெக்டரும்

இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் செய்துவிட்டு, ஒயர் கட்டை இடம் இடமாக மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். ஒரு இடத்தில் தொட்டதும் விளக்கு மினுக்கினாலோ பஸ்ஸர் தடுமாறினாலோ, கோளாறு அங்கேதான். கனெக்டரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சை பிடித்திருக்கும். எர்த் ஒயர் இன்ஜின் பாடியில் சேரும் இடத்தையும் கழற்றி, தேய்த்து, இறுக்க வேண்டும்.

7. சென்சார்

மேலே உள்ள எல்லாம் சரி என்றால் மட்டுமே சென்சாரை மாற்ற வேண்டும். கம்ப்யூட்டர் உள்ள நவீன இன்ஜின்களில், எந்த நேரத்தில் எந்த எச்சரிக்கை வந்தது என்பது உள்ளேயே பதிவாகியிருக்கும். சர்வீஸ் சென்டரில் அதைப் படிக்க முடியும். அலாரம் இப்போது ஒலிக்கவில்லை என்றாலும் பதிவு பேசும்.

ஒயரைக் கழற்றிவிட்டால் என்ன?

"தினமும் கத்துது, தொல்லையா இருக்கு" என்று பஸ்ஸர் ஒயரையே பிடுங்கிவிடுபவர்கள் உண்டு. ஒரே பஸ்ஸர் பல விஷயங்களுக்கும் ஒலிக்கும் படகில் இது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பார்க்க வேண்டும். லூசான ஒயருக்காக அலாரத்தை நிறுத்தினால், அடுத்த வாரம் உண்மையிலேயே சூடு ஏறும்போது சொல்ல ஆளே இருக்காது.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் வெடித்த 'டீப்வாட்டர் ஹொரைசன்' எண்ணெய்க் கிணறு மேடையில் 11 பேர் உயிரிழந்தனர். பொய் அலாரத்தால் ஊழியர்களின் தூக்கம் கெடக்கூடாது என்பதற்காக, மேடை முழுவதும் தானாக ஒலிக்க வேண்டிய பொது அலாரம் ஒலிக்காதபடி வைக்கப்பட்டிருந்ததாக அங்கு பணியாற்றிய தலைமை எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன் விசாரணையில் சாட்சியம் அளித்தார். அது படகு இன்ஜின் அல்ல. ஆனால், 'தொல்லை தாங்கல' என்ற காரணம் ஒன்றுதான்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. பல எளிய இன்ஜின்களில் சுவிட்ச் எர்த் ஆனால்தான் அலாரம் ஒலிக்கும். அதாவது, ஒயர் தோல் உரிந்து பாடியில் பட்டால் பொய்யாக ஒலிக்கும். அதே ஒயர் முழுசாக அறுந்துவிட்டால் எப்போதுமே ஒலிக்காது. விட்டு விட்டு ஒலித்துக்கொண்டிருந்த அலாரம், யாரும் எதுவும் செய்யாமலேயே ஒருநாள் அடியோடு நின்றுவிட்டால், அது நல்ல செய்தி என்று நினைக்கக் கூடாது. ஒயர் அறுந்திருக்கலாம்.

தமிழ்நாட்டு மீனவர்கள் என்ன கவனிக்க வேண்டும்?

ஃபைபர் படகுகளில் பயன்படுத்தும் சிறிய அவுட்போர்டு இன்ஜின்கள் பலவற்றில் அலாரமே கிடையாது. அங்கே பின்னால் பீய்ச்சும் தண்ணீர்தான் அலாரம். அதன் வேகம் குறைவது, தொட்டால் வழக்கத்தை விட சூடாக இருப்பது, இடையிடையே விட்டு விட்டு வருவது ஆகிய மூன்றும் எச்சரிக்கைகள்தான். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் இன்ஜினைக் கழுவுவது, உள்ளே உப்பு படிவதைக் குறைக்கும்.

விசைப்படகுகளில் டீசல் இன்ஜின் அறை படகின் உள்ளே, சத்தம் நிறைந்த இடத்தில் இருக்கிறது. பஸ்ஸர் சத்தம் வலை இழுக்கும்போது மேலே இருப்பவருக்குக் கேட்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றி பழுது பார்ப்பது வழக்கம். பெயின்ட், பலகை வேலையோடு ஒயர், கனெக்டர், சென்சார் சோதனையையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கிளம்பும் முன் பத்து நொடி சோதனை

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்ய வேண்டும். பல இன்போர்டு இன்ஜின்களில் அப்போது ஆயில் பிரஷர் விளக்கும் பஸ்ஸரும் வரும், ஸ்டார்ட் ஆனதும் அணையும். பல நவீன அவுட்போர்டுகளில் ஒரு சிறு 'பீப்' மட்டும் வரும். எது வழக்கமோ அது வர வேண்டும். வரவில்லை என்றால் அலாரமே செத்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் கிளம்புவது, கண்ணைக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போவது போலத்தான்.

சாலையில் கார் நின்றால் ஓரமாகத் தள்ளி நிறுத்தலாம். கடலில் இன்ஜின் நின்றால் படகு எங்கே போகிறது என்பதை காற்றும் நீரோட்டமும்தான் முடிவு செய்யும். அலாரம் ஒருமுறை ஒலித்து நின்றால்கூட நேரத்தைக் குறித்து வைத்து, கரை திரும்பியதும் காரணத்தைத் தேட வேண்டும். காரணம் தெரியும்வரை அந்த அலாரம் உண்மை என்றே எடுத்துக்கொள்வதுதான் படகுக்கும், படகில் இருப்பவர்களுக்கும் நல்லது.